ஊர் எல்லையில் இரண்டு பெயர்: செக் நாட்டின் போலிஷ் கிராமங்கள் எப்படி இயங்குகின்றன?

செக் குடியரசின் கிழக்குக் கோடியில், ஒல்சா ஆற்றின் கரையில், ஹ்ராதெக் என்று ஓர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை 2 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஊருக்குள் நுழையும் இடத்தில் செக் மொழியில் 'ஹ்ராதெக்' என்று ஒரு பலகை. அதற்குக் கீழே போலிஷ் மொழியில் 'க்ரூடெக்' என்று இன்னொன்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே பத்தில் நான்கு பேர் அளவுக்குத் தங்களைப் போலிஷ் இனத்தவர் என்று பதிந்திருந்தார்கள். செக் நாட்டில் போலிஷ் மக்களின் விகிதம் மிக அதிகமாக உள்ள ஊர்களில் இதுவும் ஒன்று. பக்கத்தில் மிலீகோவ், வெந்த்ரின்யே, பிஸ்ட்ரிட்சே, கோஷர்ஜிஸ்கா, புகோவெட்ஸ் என்று இதே மாதிரி ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. போலிஷ் மக்கள் 10 சதவீதத்தைத் தாண்டிய ஊராட்சிகள் 2001இல் சுமார் முப்பது. எல்லாமே கர்வினா, ஃப்ரீடெக்-மீஸ்டெக் என்ற இரண்டே மாவட்டங்களுக்குள் அடங்கிவிடும்.

இந்த ஊர்களைப் பற்றி முதன்முறை கேள்விப்படுகிறவர்கள் பெரும்பாலும் நினைப்பது, இவர்கள் போலந்திலிருந்து வேலை தேடி வந்து குடியேறியவர்கள் என்று. அது தவறு. இவர்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளாக இதே பள்ளத்தாக்கில், இதே நிலத்தில் இருந்தவர்கள். நாடு என்ற ஏற்பாடுதான் இவர்கள் இருக்குமிடத்தில் நான்கைந்து முறை மாறியது. இது புரியாவிட்டால் அடுத்து வருகிற பள்ளி, பலகை, குழு என்ற எதற்கும் காரணம் விளங்காது. அதனால் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் த்யெஷீன் என்ற சிற்றரசு. போலிஷில் அதே பெயர் செஷின். பியாஸ்ட் என்ற போலிஷ் அரச மரபு ஆண்டது. 1327இல் செக் நிலத்தை ஆண்ட பொஹீமிய அரசருக்குக் கீழ்ப்பட்டது. 1653இல் கடைசி பியாஸ்ட் அரசி எலிசபெத் லுக்ரேசியா இறந்ததும் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபின் கைக்குப் போனது. 1918 வரை ஆஸ்திரிய ஆட்சி. அதுவரை இங்கே செக்-போலந்து எல்லை என்ற ஒன்றே கிடையாது.

ஆஸ்திரியப் பேரரசு சரிந்தபோது, 1918 நவம்பர் 5ஆம் தேதி, உள்ளூர்ப் போலிஷ் மன்றமும் உள்ளூர்ச் செக் மன்றமும் உட்கார்ந்து பேசி, எந்த ஊரில் யார் அதிகமோ அதன்படி ஒரு தற்காலிகக் கோடு போட்டுக்கொண்டன. ப்ராகில் இருந்த அரசுக்கு அது ஏற்பில்லை. இரண்டு காரணங்கள். ஒன்று, கர்வினாவின் நிலக்கரி. மற்றது, பொஹுமீனிலிருந்து கோஷித்செ வரை போகிற ரயில் பாதை. செக் பகுதியையும் ஸ்லோவாக்கியாவையும் இணைத்த முக்கியப் பாதை அதுதான். அது போலந்து வசம் போனால் புதிதாகப் பிறந்த செக்கோஸ்லோவாக்கியா நடுவில் அறுந்துவிடும். போலந்து அந்தப் பகுதியிலும் நாடாளுமன்றத் தேர்தல் நடத்தப் போவதாக அறிவித்ததும், 1919 ஜனவரி 23 அன்று செக் படை உள்ளே புகுந்தது. ஒரு வாரம் சண்டை. பிறகு பெரிய நாடுகள் தலையிட்டு, வாக்கெடுப்பு நடத்துவோம் என்றன, அதுவும் நடக்கவில்லை. கடைசியில் 1920 ஜூலை 28 அன்று அந்தப் பெரிய நாடுகளின் தூதர்கள் மாநாடு ஒல்சா ஆற்றை ஒட்டி நிலத்தைப் பிரித்தது. த்யெஷீன் நகரமே ஆற்றின் நடுவே இரண்டானது. பழைய நகர மையம் போலந்துக்கு, ரயில் நிலையம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. புதிய எல்லைக்கு மேற்கே மாட்டிக்கொண்ட போலிஷ் ஊர்களைப் போலந்துக்காரர்கள் 'ஸாவோல்ஜியே' என்கிறார்கள், ஒல்சாவுக்கு அப்பால் உள்ளது என்ற பொருளில். செக்காரர்கள் பலர் இந்தப் பெயரை விரும்புவதில்லை; வார்சாவிலிருந்து பார்த்தால்தானே இது அப்பால் என்பார்கள். செக் மக்களிடம் பேசும்போது 'த்யெஷீன் பகுதி' என்று சொல்வது நல்லது.

1938 அக்டோபர் தொடக்கத்தில், எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்குக் கொடுத்த மியூனிக் ஒப்பந்தத்தால் செக்கோஸ்லோவாக்கியா நிலைகுலைந்திருந்த நேரத்தில், போலந்து இந்தப் பகுதியைக் கைப்பற்றியது. சுமார் 800 சதுர கிலோமீட்டர். செக் பள்ளிகள் மூடப்பட்டன, செக் அதிகாரிகளும் குடியேறிகளும் வெளியேற வேண்டியிருந்தது. பதினோரு மாதத்தில் ஜெர்மனி வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. ஜெர்மானிய ஆட்சியில் போலிஷ் ஆசிரியர்கள், சங்கத்தார், பாதிரியார்கள் பலர் வதைமுகாம்களுக்குப் போனார்கள். 1944 ஆகஸ்ட் 6 அன்று ஜிவோத்யித்செ என்ற கிராமத்தில் கெஸ்டாபோ என்ற ஜெர்மானிய ரகசியக் காவல் படை ஒரே காலைப்பொழுதில் 36 பேரைச் சுட்டுக் கொன்றது. 24 பேர் போலிஷ்காரர்கள், 12 பேர் செக்காரர்கள். 1945இல் எல்லை மறுபடி 1920 கோட்டுக்கே திரும்பியது. இரண்டு நாடுகளும் அதை முறைப்படி ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திட்டது 1958இல்தான்.

1919ஐப் போலிஷ் குடும்பங்கள் மறக்கவில்லை; 1938ஐச் செக் குடும்பங்கள் மறக்கவில்லை. இரண்டு வருத்தங்களுக்கும் உண்மையான காரணம் உண்டு. ஒரு பெயர்ப் பலகைக்கு இன்று ஏன் இத்தனை உணர்ச்சி என்று வியக்கிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்தால் ஒரு பக்கத்தார் எப்போதும் நியாயமானவர்களாகவும் மறுபக்கத்தார் எப்போதும் அநியாயக்காரர்களாகவும் தெரிவார்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். இந்த ஊர்களின் நிலையைத் தீர்மானிப்பது கணக்கெடுப்பில் கேட்கப்படும் ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, அதனால் பழைய எண்களை ஒப்பிடும்போது கவனம் தேவை. 1910இல் ஆஸ்திரிய அரசு கேட்டது 'அன்றாடம் எந்த மொழி பேசுகிறீர்கள்' என்று. பிற்காலத்தில் ஸாவோல்ஜியே ஆன பகுதியில் சுமார் 1.24 லட்சம் பேர் போலிஷ் என்று பதிவானார்கள், மொத்தத்தில் ஏறக்குறைய 70 சதவீதம். 1921இல் செக்கோஸ்லோவாக்கிய அரசு மொழியைக் கேட்கவில்லை, இனத்தைக் கேட்டது. எண்ணிக்கை சுமார் 68 ஆயிரமாக விழுந்தது. பதினோரு ஆண்டில் அத்தனை பேர் எங்கே போனார்கள்? ஒரு பகுதியினர், குறிப்பாக ஆசிரியர்களும் அலுவலர்களும், ஆற்றைக் கடந்து போலந்துக்குப் போய்விட்டார்கள். ரயில்வே, சுரங்கம், நிர்வாகம் எல்லாவற்றுக்கும் செக் ஊழியர்கள் புதிதாக வந்தார்கள். போலிஷ், செக் என்று சொல்லாமல், வட்டாரப் பெயரால் 'சிலேசியர்' என்று பதிந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தது, பல்லாயிரம் பேர் அப்படிப் பதிந்தார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் ஏற்றாற்போல் பதிலை மாற்றியவர்களும், மாற்றும்படி நெருக்கப்பட்டவர்களும் உண்டு. இவற்றில் ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டும் எழுத்தை நம்பாதீர்கள்.

1991 முதல் 2011 வரையிலான எண்கள், செக் நாடு முழுவதற்கும்: 1991இல் 59,383, 2001இல் 51,968, 2011இல் 39,096. சரிவு நேராகத் தெரிகிறது. ஆனால் 2011இலிருந்து ஒரு சிக்கல் சேர்ந்துகொண்டது. இனம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வது கட்டாயமில்லை. அந்த ஆண்டு நாட்டில் நான்கில் ஒருவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். இரண்டு இனங்களைச் சேர்த்து எழுதவும் அனுமதி உண்டு. செக் அப்பாவுக்கும் போலிஷ் அம்மாவுக்கும் பிறந்தவர் இரண்டையும் எழுதலாம். அதனால் 'போலிஷ் மட்டும்' என்ற எண்ணும், 'போலிஷும் வேறொன்றும்' என்ற எண்ணும் தனித்தனியாக வெளியாகும். ஒரு கட்டுரை முதலாவதையும் இன்னொன்று இரண்டின் கூட்டுத்தொகையையும் எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஒரே ஊருக்கு இரண்டு விகிதம் புழங்கும். எந்த எண்ணைப் பார்த்தாலும், எந்த ஆண்டு, இரட்டைப் பதிவு சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

இந்தக் காலிக் கட்டம் ஏன் முக்கியம் என்றால், சட்டம் 10 சதவீதம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 128ஆம் எண் ஊராட்சிச் சட்டப்படி, கடைசிக் கணக்கெடுப்பில் ஊரின் குடிமக்களில் குறைந்தது 10 சதவீதம் பேர் செக் அல்லாத இனத்தைச் சொல்லியிருந்தால்தான் சிறுபான்மையினர் குழு அமைக்கும் கடமை ஊராட்சிக்கு வரும். பதில் சொன்னவர்களில் 10 சதவீதம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஊரின் மொத்தக் குடிமக்களில். 1,000 பேர் உள்ள ஊரில் 130 பேர் போலிஷ் குடும்பத்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 35 பேர் கட்டத்தைக் காலியாக விட்டால் பதிவு 95. வரம்புக்குக் கீழே போய்விட்டது. அந்த 35 பேரும் பிள்ளையைப் போலிஷ் பள்ளிக்கு அனுப்பலாம், போலிஷ் பாடகர் குழுவில் பாடலாம். கணக்கில் அவர்கள் இல்லை. போலிஷ் அமைப்புகள் ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் முன் வீடுவீடாகச் சொல்லிப் பிரசாரம் செய்வது இதற்காகத்தான். இன்னொன்று: சட்டம் சொல்வது குடிமக்களை. ட்ரின்யெட்ஸ் எஃகு ஆலையிலோ சுரங்கத்திலோ வேலைக்கு வந்து தங்கியிருக்கும் போலந்துக் குடிமக்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள்.

குழு அமைந்தால் அதில் குறைந்தது பாதிப் பேர் சிறுபான்மையினராக இருக்க வேண்டும். குழு தானாக எதையும் ஆணையிட முடியாது. ஊர் மன்றத்துக்குப் பரிந்துரைக்கும். ஆனாலும் அதன் தீர்மானம் இல்லாமல் பல காரியங்கள் தொடங்கவே தொடங்காது. சட்டத்தில் பின்னர் வந்த திருத்தத்தின்படி, வரம்பைத் தாண்டினால் மட்டும் போதாது, சிறுபான்மையினரின் சங்கம் ஒன்று குழு வேண்டும் என்று எழுத்தில் கேட்கவும் வேண்டும். சங்கம் தூங்கிவிட்டால் உரிமையும் தூங்கும்.

இருமொழிப் பலகை எப்படி வருகிறது என்று பார்த்தால் இந்த இயக்கம் நன்றாகப் புரியும். முதலில் அந்த 10 சதவீதம் இருக்க வேண்டும். பிறகு போலிஷ் பிரதிநிதிகள் குழுவிடம் கோரிக்கை வைக்க வேண்டும்: ஊர்ப் பெயர் மட்டுமா, ஊரின் பகுதிகளுமா, தெருக்களுமா, அலுவலகக் கட்டடங்களுமா என்று தெளிவாகச் சொல்லி. குழு கூடி, பரிந்துரைத் தீர்மானம் போட வேண்டும். ஊர் மன்றம் அதை நிறைவேற்ற வேண்டும். செலவை அரசின் நிதியிலிருந்து பெற விண்ணப்பிக்கலாம். ஊரின் சொந்தப் பணத்தில் கை வைக்கத் தேவையில்லை. சாலை ஓரப் பலகை என்பதால் சாலைத்துறையின் அளவுகளுக்கும் இடத்துக்கும் உட்பட்டு நட வேண்டும். குழு வழியே போக முடியாத ஊரில், அங்கே ஐந்தாண்டுக்குக் குறையாமல் இயங்கும் சிறுபான்மைச் சங்கம் நேராகக் கேட்கவும் வழி உண்டு.

தொடக்கத்தில் விதி இதைவிடக் கடுமையாக இருந்தது. சிறுபான்மையினரில் வயது வந்தவர்களில் 40 சதவீதம் பேர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். சின்ன ஊரில் அப்படிக் கையெழுத்துப் போடுவது, நான் இந்த இனம் என்று தாளில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் கொடுப்பதற்குச் சமம். பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல் வேண்டாம் என்று பலர் தயங்கினார்கள். ஐரோப்பிய வட்டார மொழிகள் சாசனத்தைச் செக் குடியரசு 2006இல் ஏற்றுக்கொண்ட காலத்தில் இந்த நிபந்தனை தளர்ந்தது. அதன் பிறகுதான் பலகைகள் வேகமாக எழுந்தன. அந்தச் சாசனத்தின் வலுவான பகுதி, போலிஷ் மொழிக்கு, மேலே சொன்ன அதே இரண்டு மாவட்டங்களில் பொருந்தும். பலகை நட்ட பிறகு வருகிற தொல்லை வேறு: இரவோடு இரவாகப் போலிஷ் பெயரின் மேல் மட்டும் பெயின்ட் பூசிவிட்டுப் போவது. இது பல ஊர்களில் நடந்திருக்கிறது. வெறும் குறும்பு என்று இதைத் தள்ளுவது தவறு. அழிக்கப்படுவது எப்போதும் ஒரே வரிதான் என்பதே போதிய விளக்கம்.

பலகையைவிடப் பெரியது பள்ளி. போலிஷ் பேச்சு வாழ்கிறதா இல்லையா என்பதை உண்மையில் முடிவு செய்வது அதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

இந்த ஊர்களின் போலிஷ் பள்ளிகள் தனியார் பள்ளிகளோ ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளோ அல்ல. செக் அரசின் கல்வி முறைக்குள், செக் பாடத்திட்டத்தின்படி இயங்கும் பொதுப் பள்ளிகள். கணக்கு, இயற்பியல், வரலாறு எல்லாம் போலிஷில் சொல்லித்தரப்படும். செக் மொழி கட்டாயப் பாடம். சான்றிதழ் இரண்டு மொழியிலும் அச்சாகும். ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து, கட்டடமும் வெப்பமூட்டும் செலவும் ஊராட்சியிடமிருந்து. 2004ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எண்களை இப்படி வைத்திருக்கிறது: மழலையர் வகுப்புக்கு 8 பிள்ளைகள், அடிப்படைப் பள்ளியின் ஒரு வகுப்புக்கு 10, மேல்நிலைப் பள்ளியின் ஒரு வகுப்புக்கு 12. முழுப் பள்ளியாக நடத்த, எல்லா வகுப்புகளின் சராசரி மழலையர், அடிப்படைப் பள்ளிகளில் 12, மேல்நிலையில் 15. இந்த உரிமை பொதுவாகச் சிறுபான்மையினர் குழு உள்ள ஊர்களுக்கே. அதாவது கணக்கெடுப்பின் காலிக் கட்டம் பள்ளி வாசல் வரை வருகிறது.

சாதாரணச் செக் பள்ளிக்கு உள்ள வரம்பைவிட இந்த எண்கள் தாழ்ந்தவை; இது நல்ல ஏற்பாடு. ஆனாலும் 400 பேர் உள்ள மலைக்கிராமத்தில் ஓர் ஆண்டில் பிறக்கிற போலிஷ் குழந்தைகள் இரண்டோ மூன்றோதான். அதனால் சிறிய ஊர்களில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை மட்டும் இருக்கும், அதுவும் இரண்டு மூன்று வகுப்புகள் ஒரே அறையில். ஆசிரியர் ஒரு பக்கம் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் கொடுத்துவிட்டு மறுபக்கம் முதல் வகுப்போடு எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார். 6ஆம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் ரயிலிலோ பேருந்திலோ பெரிய ஊருக்குப் போக வேண்டும். ஹ்ராதெக் பகுதியில் அது ஒரு பக்கம் பிஸ்ட்ரிட்சே, மறுபக்கம் யாப்லுங்கோவ். ஒன்பது ஆண்டு முடிந்தபின், பிரிந்த த்யெஷீன் நகரத்தின் செக் பாதியான செஸ்கீ த்யெஷீனில் ஜூலியுஷ் ஸ்வோவாட்ஸ்கி பெயரிலுள்ள போலிஷ் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அதன் வேர் 1909இல் ஓர்லோவாவில் தொடங்கிய பள்ளி.

குறை நேர்வது பெரும்பாலும் 5ஆம் வகுப்புக்கும் 6ஆம் வகுப்புக்கும் நடுவில். பக்கத்திலேயே செக் பள்ளி இருக்கும்போது பதினோரு வயதுப் பிள்ளையைத் தினமும் வெளியூருக்கு அனுப்புவானேன் என்று பெற்றோர் யோசிப்பார்கள். இரண்டு பேர் மாறினால் அந்த வகுப்பின் எண்ணிக்கை வரம்புக்குக் கீழே போகும். ஊராட்சியும் செக் பள்ளி, போலிஷ் பள்ளி என்று இரண்டு கட்டடத்துக்குப் பணம் கட்டுகிறது. செலவு நெருக்கும்போது இரண்டையும் ஒரே நிர்வாகத்தில் இணைக்கும் பேச்சு எழும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் பயிற்றுமொழி தனியாக இருந்தால் பள்ளி தாக்குப்பிடிக்கும். இடைவேளையில் எல்லாரும் கலந்து விளையாடுவதில் கெடுதல் ஒன்றுமில்லை. வகுப்பறைக்குள் போலிஷ் ஒரு பாடமாகச் சுருங்கினால்தான் இழப்பு.

வீட்டில் பேசுவது இலக்கியப் போலிஷ் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஊரார் பேச்சை 'போ நஷிமு' என்பார்கள், நம்ம பேச்சு என்கிற மாதிரி. போலிஷ் அடித்தளம், அதன் மேல் செக் சொற்கள், ஆலையும் ரயிலும் கொண்டுவந்த ஜெர்மன் சொற்கள். எஃகு ஆலையின் ஷிப்ட் வேலை நேரத்தை எல்லாரும் 'ஷிஹ்டா' என்றே சொல்வார்கள், அது ஜெர்மன். கவனிக்க வேண்டியது, தன்னைச் செக் என்று பதிந்துகொண்ட பக்கத்து வீட்டாரும் பெரும்பாலும் இதே பேச்சைத்தான் பேசுவார். கடையில் இரண்டு பாட்டிகள் பேசிக்கொள்வதைக் கேட்டு யார் போலிஷ், யார் செக் என்று சொல்ல முடியாது. எந்தப் பள்ளியில் படித்தார்கள், எந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள், கட்டத்தில் என்ன எழுதினார்கள் என்பதில்தான் வேறுபாடு. தங்களை 'ஸ்டெலா', அதாவது இந்த ஊர்க்காரர், என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. போலிஷ் பள்ளிப் பிள்ளை வீட்டில் போ நஷிமு, வகுப்பில் போலிஷ், தொலைக்காட்சியிலும் அலுவலகத்திலும் செக் என்று மூன்றுக்கும் நடுவே தயக்கமின்றிப் போய்வரும்.

அரசு அலுவலகத்தில் போலிஷில் பேச உரிமை உண்டா? உண்டு. 2004ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, நாட்டில் மரபாக வாழும் சிறுபான்மையைச் சேர்ந்த செக் குடிமகன் தன் மொழியில் மனு கொடுக்கலாம், பேசலாம். அங்கே அந்த மொழி தெரிந்த அலுவலர் இல்லையென்றால், பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரை அவரே அழைத்து வர வேண்டும். கூலியை அலுவலகம் கொடுக்கும். எல்லாருக்கும் செக் நன்றாகத் தெரியும் என்பதால் இந்த உரிமையை அதிகம் யாரும் பயன்படுத்துவதில்லை. குழு உள்ள ஊர்களில் தேர்தல் நேரமும் இடமும் சொல்லும் அறிவிப்பு போலிஷிலும் ஒட்டப்படும்.

பெயர் விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் நீண்ட காலம் இருந்தது. செக் வழக்கப்படி பெண்ணின் குடும்பப் பெயரோடு 'ஒவா' சேரும்: அப்பா நோவாக் என்றால் மகள் நோவாகோவா. போலிஷில் மகளும் நோவாக்தான். சிறுபான்மைப் பெண்கள் 'ஒவா' இல்லாமல் பதிய இனத்தைச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2022 ஜனவரி 1 முதல் எந்தப் பெண்ணும் காரணம் சொல்லாமலே அப்படிப் பதியலாம்.

சமயத்திலும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். போலிஷ்காரர் என்றால் கத்தோலிக்கர் என்ற கணக்கு இங்கே செல்லாது. 16ஆம் நூற்றாண்டில் இந்தச் சிற்றரசு லூத்தரன் வழிக்கு மாறியது. ஹாப்ஸ்பர்க் காலத்தில் தேவாலயங்கள் பறிக்கப்பட்டபோது மலைக்கிராமத்தார் காட்டுக்குள் கூடி வழிபட்டார்கள். 1781இல் மற்றச் சபையாரும் வழிபட இடம் தந்த சகிப்பு ஆணை வந்ததும் பிஸ்ட்ரிட்சே போன்ற ஊர்களில் சபைகள் எழுந்தன. முதலில் கோபுரமும் மணியும் வைக்கவோ, பெரிய தெருவைப் பார்த்து வாசல் வைக்கவோ அனுமதி கிடையாது. இன்றும் சிலேசிய எவாஞ்சலிக்க (லூத்தரன்) சபையில் போலிஷிலும் செக்கிலும் ஆராதனை நடக்கிறது.

ஊரின் பொது வாழ்க்கை சுற்றுவது ஒரு கட்டடத்தைத்தான்: பெஸெட்காஓ வீடு. போலிஷ் பண்பாட்டுக் கல்விச் சங்கத்தின் சுருக்கப் பெயர் அது. போருக்குப் பின் பழைய போலிஷ் சங்கங்கள் மீண்டும் இயங்க அனுமதி கிடைக்காததால் 1947இல் இந்த ஒரே சங்கம் உருவானது. ஊருக்கு ஊர் கிளை. பல வீடுகள் உறுப்பினர்கள் வேலை முடிந்து வந்து சனி, ஞாயிறுகளில் தாங்களே செங்கல் தூக்கிக் கட்டியவை. உள்ளே ஒரு கூடம், சின்ன மேடை, பெரிய அடுப்போடு சமையலறை. பாடகர் குழு ஒத்திகை, நடனக் குழு, குளிர்காலத்தில் விருந்து நடனம், ஆண்டுக் கூட்டம் எல்லாம் அங்கேதான். ஜனவரி, பிப்ரவரி விருந்துகளில் வருகிற பணம்தான் கிளையின் ஆண்டு வரவில் பெரும் பங்கு, அதனால் சமையலறையில் நிற்கும் பெண்கள் இல்லாவிட்டால் சங்கமே நிற்காது. எல்லாக் கிளைகளும் கூடும் பெரிய விழா யாப்லுங்கோவில் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கும் கோரோல்ஸ்கி ஷ்வியெந்தோ. 1948இலிருந்து நடக்கிறது, நகரத்தை ஒட்டிய தோப்பில். மலையகத்து உடை, கம்பளி, ஆட்டுப்பால் வெண்ணெய்க்கட்டி, உருளைக்கிழங்கு அடை எல்லாம் கிடைக்கும். அரசியல் பேச்சுக்கும் ஊர்களுக்கிடையே ஒருங்கிணைப்புக்கும் 1990இல் தொடங்கிய போலிஷ் மக்கள் பேராயம் இருக்கிறது. 1945இல் தொடங்கிய போலிஷ் செய்தித்தாள் இன்று 'க்வோஸ்' என்ற பெயரில் வெளிவருகிறது. செஸ்கீ த்யெஷீன் நாடக அரங்கில் 1951 முதல் தனிப் போலிஷ் குழு நடிக்கிறது.

எல்லா எல்லையோர ஊரும் போலிஷ் ஊர் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று நாடுகள் சந்திக்கும் முனையில் ஹர்ச்சாவா இருக்கிறது. 1927இல் யாப்லுங்கோவிலிருந்து பிரிந்த சின்ன ஊர். அங்கிருந்து போலந்தின் யவோஜின்கா நடந்து போகிற தொலைவு. ஆனாலும் போலிஷ் என்று பதிந்தவர்கள் அங்கே சொற்பம். அதற்கு அடுத்த புகோவெட்ஸில் நிலைமை நேர்மாறு. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே பேச்சு. ஆனால் எந்தப் பள்ளி எப்போது வந்தது, 1920களில் பெற்றோர் எதைத் தேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து வழி பிரிந்துவிட்டது. அதனால் வரைபடத்தைப் பார்த்து ஊகிக்காமல் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகத்தான் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆவணங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒவ்வொரு ஊருக்கும் மூன்று பெயர் உண்டு. ஹ்ராதெக்கைச் செக் பதிவுகளில் அந்தப் பெயரிலும், போலிஷ் பதிவுகளில் க்ரூடெக் என்றும், ஆஸ்திரிய, ஜெர்மன் பதிவுகளில் க்ருடெக் என்றும் தேட வேண்டும். பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் ஓபாவா நகரின் மாகாண ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். சின்ன ஊருக்குத் தனிப் பதிவேடு இருக்காது. பெரிய பங்கின், அதாவது தேவாலய வட்டாரத்தின், பதிவேட்டுக்குள் இருக்கும். குடும்பம் கத்தோலிக்கமா லூத்தரனா என்று தெரியாவிட்டால் இரண்டு பங்கிலும் தேடுங்கள். எழுதிய மொழி லத்தீன், ஜெர்மன், போலிஷ், செக் என்று பாதிரியாருக்கும் ஆட்சிக்கும் ஏற்ப மாறும். அண்ணன் பெயர் ஒரு மொழியிலும் தம்பி பெயர் இன்னொன்றிலும் எழுதப்பட்டிருந்தால் இரண்டு குடும்பம் என்று எண்ண வேண்டாம். வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு தேடினால் ஆள் தவறாது.